மணல் செட்டும் ஒரு நடுக்கமும்

ஸ்ரீரங்கத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். மாம்பழச் சாலை முடிந்து காவிரிப் பாலம் ஆரம்பிக்கிற இடம். சித்திரை மாதம், பகல் இரண்டு மணி இருக்கும். தோளில் ஆள் உயரத்துக்குச் சுருட்டிய ரெக்சின் விரிப்பு. கையில் டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டர்.

காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அது என்னுடையதல்ல, அருளின் அப்பாவுடையது. ஒரு சைஸ் பெரிது என்பதால் முனையில் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தேன். நடக்க நடக்கத் தாள் நசுங்கி, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தனியாக எழும்பி விழுந்தது.

எனக்குப் பின்னால் மண்டபத்தில் சிரிப்பு இன்னும் ஓய்ந்திருக்காது. முந்நூறு பேர் ஒன்றாகச் சிரித்தால் அது கொஞ்ச தூரம் கூடவே நடந்து வரும்.

போக வேண்டிய வழி தெளிவாக இருந்தது. மேலப்புதூரில் அருள் வீட்டில் விரிப்பையும் டேப்பையும் ஷூவையும் வைத்துவிட வேண்டும். அப்படியே காந்தி மார்க்கெட் பக்கம் லாரி ஷெட்டுக்குப் போய், வடக்கே போகும் ஏதாவது ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட வேண்டும். ஒரு ஊர் கசந்துவிட்டால் லாரி ஏறுவது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி. ஏழெட்டு ஊர்களை அப்படி விட்டிருக்கிறேன். எதற்கும் வருத்தப்பட்டதில்லை.

அன்றைக்கு மட்டும் கால் ஓடவில்லை. ஷூ பெரிது என்பது ஒரு காரணம். நடந்த தப்பு முழுக்க என்னுடையது, அது என் ஆட்களுக்குத் தெரியாது என்பது இன்னொன்று.

*தொட்டியத்திலிருந்து டெக் வரை*

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘அந்த வயதில் ஊர் ஊராகத் திரிந்தீர்களே, பயமாக இருக்கவில்லையா?’ என்று கேட்டிருக்கிறார். பசி இருக்கிறவனுக்குப் பயப்பட நேரம் கிடைப்பதில்லை. இதுதான் என் பதில்.

சொந்த ஊர் தொட்டியம். அப்பா அடுத்தவர் தோட்டத்தில் வாழைக்குக் குழி வெட்டியவர். ஆறாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் போதும் என்று தோன்றியது, எனக்கல்ல, வீட்டுக்கு. வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலே உட்கார்ந்து ஊரைவிட்டுப் போனேன். அப்புறம் ஹூப்ளியில் ஓட்டலில் மேசை துடைத்தேன், குண்டூரில் பருத்தி மூட்டை தூக்கினேன், நடுவில் நிறைய லாரிகள். அடி வாங்கியதும் உண்டு, கொடுத்ததும் உண்டு.

திருச்சிக்குத் திரும்பியபோது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. பாலக்கரையில் ஜமால் பாய் வீடியோக் கடை வைத்திருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

அன்று வீடியோ பிளேயர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘டெக்’ என்பார்கள். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, வெளிநாட்டிலிருந்து மகன் வந்த வீடு என்று எல்லா இடத்துக்கும் டெக் வாடகைக்குப் போகும். கலர் டிவியை மூன்று சக்கர வண்டியில் கட்டி, டெக்கை மெத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் கூடப் போவேன். படம் ஓட்டி முடித்துத் திரும்பக் கொண்டுவந்து, கடையிலேயே படுத்துக்கொள்வேன். பட்டன் எது எங்கே என்று விரல்களுக்குத் தெரியும், கண் தேவையில்லை. ‘டெக் மருதை’ என்று எனக்குப் பேரே ஆகிவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து பாயின் மச்சான் ஒரு காசெட் கொண்டுவந்தார். மேலே ஒட்டிய சீட்டு இல்லை. டிவியிலிருந்து யாரோ பதிவு செய்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து, அதிலிருந்து மூன்றாவதாக எடுத்த பிரதி. ஏதோ இங்கிலீஷ் தொடர். அது முடிந்த பிறகு பத்து நிமிடம் போல ஒரு ஆட்டம் இருந்தது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு தெரு. கறுப்பு இளைஞர்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து ஆடினார்கள். ஒருவன் தலையை ஊன்றிப் பம்பரமாகச் சுற்றினான். இன்னொருவனுக்கு எலும்பே இல்லை. திடீர் திடீரென்று அப்படியே உறைந்து நின்றார்கள். அதற்கு ஹிப் ஹாப் என்று பேர் இருப்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. எங்களுக்கு அது ‘பிரேக்’.

அம்மாவுக்காக மாதா படம் வாடகைக்கு எடுக்க வந்தவன்தான் அருள். மேலப்புதூர் வாத்தியார் ஒருவரின் மகன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எந்நேரமும் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். கடை டிவியில் அந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இது என்ன படம்?”

“படம் இல்லைங்க. சும்மா ஆடுறாங்க.”

“திருப்பிப் போடுங்க.”

போட்டேன்.

“இன்னொரு தடவை போடுங்கண்ணே. ஒரே ஒரு தடவை.”

எட்டுத் தடவை போட்டேன். எட்டாவது தடவையில் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினான்: “நிறுத்துங்க! அப்படியே நிறுத்துங்க!”

பாஸ் பட்டனை அழுத்தினேன். படம் நின்றது. அருள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாதா படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பையன் நின்ற மாதிரியே நின்றான்.

*மணல் செட்*

ஒரு மாதத்தில் ஐந்து பேர் ஆனோம். அருள், நான், உறையூரில் சுருட்டுச் சுற்றும் அண்ணன் தம்பி இருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கு. ரங்குவின் குடும்பம் பெருமாளைப் பல்லக்கில் தோளில் சுமக்கும் குடும்பம். ‘பெருமாளை ஏளப் பண்றது’ என்பான் அவன். வாட்டசாட்டமான ஆள், வலது தோளில் காய்ப்பு உண்டு.

ஆட இடம் கிடைக்கவில்லை. மைதானத்தில் வாட்ச்மேன் விரட்டினார். அருள் வீட்டு மாடியில் குதித்தபோது, கீழே அவன் அப்பா திருத்திக்கொண்டிருந்த பரீட்சைப் பேப்பர் மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. அத்தோடு மாடியும் போயிற்று.

காவிரிதான் இடம் கொடுத்தது. கோடையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். அந்த ஓரத்தில் மணல் ஈரமாக, கெட்டியாக இருக்கும். தலையை ஊன்றினால் வலிக்காது. சாயங்காலம் நாலரை மணிக்குக் கூடுவோம். நான் ஆறரைக்கு டெக் வேலைக்குப் போய்விடுவேன். தலையால் சுற்றி எழுந்தால் மணலில் வட்டம் விழும். எவனுடைய வட்டம் சுத்தமாக இருக்கிறதோ அவன்தான் அன்றைக்கு ராஜா.

அருள் ஒரு நோட்டில் பத்து இங்கிலீஷ் பேர் எழுதி வைத்திருந்தான். ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள், “மணல் செட்டு வந்தாச்சு, துணியத் தள்ளிக் காயப்போடு” என்பார்கள். அதுவே நின்றது.

பாட்டு என் பொறுப்பு. இந்திப் பாட்டொன்றின் நடுவே டிரம் மட்டும் தனியாக ஓர் இடத்தில் வரும். பத்து விநாடிகூட இருக்காது. ஆடுகிறவர்களுக்கு அது மட்டும்தான் வேண்டும். கடையிலிருந்த இரண்டு டேப்ரிக்கார்டர்களை வயரால் இணைத்து, அந்த டிரம்மைப் பதிவு செய்து, பாஸ் போட்டு, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பதிவு செய்து, மறுபடி பாஸ் போட்டு, நாலு நிமிடத்துக்கு வளர்த்தேன். ஒவ்வொரு ஒட்டிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் விழுந்தது. முதலில் அசிங்கமாக இருந்தது. பிறகு உறையூர்த் தம்பி அந்த ‘டக்’குக்கு ஒரு தோள் வெட்டு வெட்டினான். அதற்கப்புறம் ‘டக்’ இல்லாமல் அவர்களுக்கு ஆட வரவில்லை.

ரங்கு காசெட்டில் இல்லாததையெல்லாம் கொண்டுவந்தான். வைகுண்ட ஏகாதசிப் புறப்பாட்டில் பல்லக்கைச் சுமப்பவர்கள் ஒரு இடத்தில் சிங்கம் மாதிரி நடப்பார்கள், ஒரு இடத்தில் பாம்பு மாதிரி நெளிந்து போவார்கள். அத்தனை பேரும் ஒரே உடம்பாக அசைவார்கள். அந்த நெளிவை ரங்கு எங்களுக்குப் பழக்கினான். ஒருவன் விரல் நுனியில் தொடங்கி ஐந்து பேர் உடம்பு வழியாகப் போய் கடைசி ஆளின் குதிகாலில் முடியும்.

“இது அந்த காசெட்ல எங்கடா இருக்கு?” என்றான் அருள்.

“அதுல இல்ல. எங்க தெருவுல இருக்கு.”

“உங்கப்பா பாத்தா?”

“பாத்துட்டார். பாலத்து மேல நின்னுண்டு பாத்தார். ‘நாலாவது ஆள் காலை முன்னாடியே எடுக்கறான்’னார்.”

நாலாவது ஆள் நான்தான்.

பாலத்து மேல் கூட்டம் சேர ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் சைக்கிள்காரர்கள், பிறகு காலேஜ் பையன்கள், பிறகு குடும்பத்தோடு வந்தவர்கள். டவுன் பஸ் அந்த இடம் வந்தால் மெதுவாகப் போகும். ஒரு கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மணல் செட் ஸ்டாப்பிங்லாம் இறங்குங்க!” என்று கத்துவார்.

மேலப்புதூரில் மாதா கோயில் திருவிழாவுக்கு மேடை கிடைத்தது. அடுத்து திருவானைக்காவலில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்குப் பிறகு புதிதாகப் பழக வந்தவர்கள் மட்டும் இருபது பேர். ஆற்று மணலில் வரிசையாக வட்டங்கள். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘மருதை எங்கே?’ என்று தேடுவதற்கு நாலு பேர் இருந்தார்கள்.

*பாஸ் பட்டன்*

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் கற்றுக்கொண்ட விதம் இதுதான்: பகலில் கடை காலியாக இருக்கும்போது காசெட்டைப் போடுவேன். ஒவ்வொரு நிலையிலும் பாஸ் அழுத்துவேன். நால்வரும் டிவி முன்னால் நின்று அப்படியே செய்து பார்ப்பார்கள்.

அந்தக் காலத்து டெக்கில் பாஸ் போட்டால் படம் கல்லாக நிற்காது. கோடுகள் ஓட, உருவம் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். டெக் ஓட்டுகிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் யாரும் பாஸ் போடச் சொன்னதில்லை. நான்தான் ஒருநாள் மிகவும் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்: “நல்லாப் பாருங்கடா. நின்ன பிறகும் அவன் உடம்பு நிக்கல. உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம் ஓடுது. அதுதான் சூட்சுமம்.”

மூன்று மாதம் அந்த நடுக்கத்தைப் பழகினோம். மூச்சை அடக்கி, தோளை அசைக்காமல், முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு சின்ன அதிர்வு. சாதாரண வேலையல்ல. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் அந்த இடங்களில் டேப்பும் தேய்ந்துபோயிற்று. ஓடவிட்டாலும் அங்கே வரும்போது படம் நடுங்கியது. என் கண்டுபிடிப்புக்கு அதுவே சாட்சி என்று நினைத்தேன்.

டேப் மட்டும் தேயவில்லை. போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஜமால் பாய் டெக்கின் மூடியைத் திறந்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டைப் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“மருதை, ஹெட்டு மௌத்தாப் போச்சுடா. தேஞ்சு வழவழன்னு இருக்கு. என்னடா பண்ணின?”

“பாஸ் போட்டேன் பாய்.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு மாசம்.”

அவர் கெட்டவர் இல்லை. ஒரு டீ சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “உன்னைத் துரத்தறேன்னு நெனைக்காதே. ஆனா நாளையிலேர்ந்து வராதே” என்றார்.

வேலை போனதை மற்றவர்களிடம் நான் சொல்லவில்லை. போட்டி முடியட்டும் என்றிருந்தேன். படுக்க இடமில்லாமல் மூன்று நாள் ஜங்ஷன் பக்கம் இருந்துகொண்டேன். அது எனக்குப் புதிதல்ல.

*குளிர் ஜுரம்*

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை. வாலிபர்கள் சேர்ந்து நடத்தியது. மதுரையிலிருந்துகூட ஒரு குழு வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து நடுவராக ஒரு டான்ஸ் மாஸ்டர்.

பஸ் சீட் தைக்கும் பட்டறையில் கேட்டு வாங்கிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பை விரித்தோம். பச்சை, மெரூன், மறுபடி பச்சை. நன்றாகவே ஆடினோம். ரங்குவின் நெளிவுக்குக் கைதட்டல் வந்தது. கடைசியில் ஐவரும் ஐந்து நிலையில் உறைந்து, நடுங்கினோம். பத்து விநாடி. எனக்குக்கூட அன்று நன்றாக வந்தது.

இடைவேளையில் மேடையில் ஒரு பெரிய கலர் டிவியும் புத்தம்புது டெக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். ‘ஒரிஜினல் பிரேக் டான்ஸ் எப்படி இருக்கும் என்று பாருங்கள்’ என்று மைக்கில் சொன்னார்கள். மெட்ராஸ் காசெட். கண்ணாடி மாதிரி தெளிவு.

அதே தெரு. அதே பையன்கள். அதே பத்து நிமிடம்.

தலையால் சுற்றினவன் எழுந்து, ஒரு கையை நீட்டி நின்றான். கல் மாதிரி நின்றான். ஒரு முடிகூட அசையவில்லை.

டான்ஸ் மாஸ்டர் மைக்கை எடுத்தார். “காலையில ஆடின தம்பிகளுக்கு என்ன, குளிர் ஜுரமா? யாராவது ஒரு கம்பளி கொண்டாங்கப்பா!”

அதோடு போயிற்று. “சாமி வந்துருச்சுய்யா!” என்றான் ஒருவன். “கரண்ட் அடிச்சிருச்சு, கட்டையால தட்டி விடுங்க!” என்றான் இன்னொருவன். அருளின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவன் அப்பா மூன்றாவது வரிசையில், மடியில் குடையோடு, நேராக உட்கார்ந்திருந்தார்.

நான் விரிப்பைச் சுருட்டினேன். ஆட்டம் முடிந்தால் சுருட்டுவது என் வேலை. பழக்கத்தில் கை அதைச் செய்தது, கால் வெளியே வந்தது.

*பாலத்தின் நடுவில்*

பாதிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். முந்தின சாயங்காலம் போட்ட வட்டங்கள் மணலில் அப்படியே இருந்தன. நாளைக்கு இவர்கள் கூடுவார்களா என்று தெரியவில்லை. நான் லாரி ஏறிவிட்டால் அதைத் தெரிந்துகொள்ளவும் தேவையில்லை.

எனக்கு முன்னால் மூன்று காலேஜ் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மண்டபத்திலிருந்து வருகிறவர்கள். ஒருவன் மாஸ்டர் குரலில் “குளிர் ஜுரமா?” என்றான். இன்னொருவன் கையை நீட்டி வெடவெடவென்று ஆட்டினான். மூவரும் சிரித்தார்கள். நான் விரிப்பை முகத்துப் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

“டேய், அப்படி இல்லடா. நீ ஆட்டறது வலிப்பு மாதிரி இருக்கு” என்றான் கண்ணாடி போட்டவன்.

“பின்ன எப்படியாம்?”

“அவனுங்க தோளே அசையல. கை மட்டும்தான்.”

“எங்க, நீ செய்யி பாப்போம்.”

கண்ணாடிக்காரன் நோட்டைப் பாலச் சுவர்மேல் வைத்துவிட்டுச் செய்தான். வரவில்லை. மறுபடி செய்தான். மூன்றாவது பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவனும் இறங்கினான். கேலிக்கு ஆரம்பித்தது, இப்போது ஒருவனும் சிரிக்கவில்லை. உச்சி வெயிலில் மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டே செய்தால் எப்படி வரும்?

“மூச்ச அடக்குங்க தம்பி” என்றேன். “முழங்கையிலேர்ந்து விடுங்க.”

திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரனின் முகம் சிவந்துவிட்டது. “அண்ணே... நீங்க அந்த செட்டுதானே?”

விரிப்பைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்டினேன். அவன் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான். “உள்ளயே ஓடுதுடா!” என்று மற்றவர்களைக் கூப்பிட்டான்.

அப்போதுதான் டவுன் பஸ் ஒன்று நிற்க இடமில்லாத இடத்தில் நின்றது. “மணல் செட் ஸ்டாப்பிங்!” என்ற குரல். அருளும் ரங்குவும் குதித்தார்கள்.

“ஓடிப்போறவன் யாராச்சும் விரிப்பைச் சுருட்டித் தோள்ல வெச்சிட்டு ஓடுவானா?” என்றான் அருள். அவனுக்கு மூச்சு இரைத்தது. “எங்கடா போற?”

“உங்க வீட்டுக்கு. இதையெல்லாம் வெச்சிட்டு...”

“வெச்சிட்டு?”

சொல்லிவிட்டேன். ஜமால் பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தியது, பாஸ் பட்டன், நடுக்கம் ஆட்டத்தில் இல்லை, டெக்கில் இருந்தது, எல்லாம். “நான் சொல்லித்தான்டா நீங்க நடுங்கினீங்க. முந்நூறு பேர் முன்னாடி உங்கப்பாவ உக்கார வெச்சு...”

ரங்கு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நான் ரெண்டாவது மாசமே பாத்துட்டேன். எங்க சொந்தக்காரா வீட்டுல நல்ல காசெட் இருக்கு.”

“அடப்பாவி!” என்று அருள் அவன் சட்டையைப் பிடித்தான். “ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்த நடுக்கத்தை எடுத்திருப்பேள். எனக்கு அது சரியாத்தான் பட்டது.” ரங்கு தன் காய்ப்பு விழுந்த தோளைத் தட்டிக் காட்டினான். “பெருமாளை ஏளப் பண்ணிண்டு போறச்சே நடுவுல நிப்போம். நாங்க நின்னாலும் பல்லக்குத் தண்டு நிக்காது. தோள்ல ஓடிண்டே இருக்கும். கனம் இருக்கறவன் நின்னா அப்படித்தான் நிப்பான். அந்த அமெரிக்காக்காரன் தோள்ல ஒண்ணும் இல்ல, கல்லா நிக்கறான்.”

லாரியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன். அவன் சொன்னது எனக்குத் தெரியும்.

“சரி, இப்ப என்ன செய்யறது? நடுக்கத்த எடுத்துரலாமா?” என்றான் அருள், யாரையும் பார்க்காமல்.

“எடுக்காதீங்கண்ணே” என்றான் கண்ணாடிக்காரன். அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. “எனக்கு இப்பத்தான் வருது.”

அருளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்தை விட்டு வந்தபிறகு அவன் சிரித்தது அப்போதுதான். “அப்பா என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டியா?” என்றான் என்னிடம். “‘ஷூ பத்திரமா வருமா’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கு ஸ்கூல் இருக்கு, கழட்டு.”

கழற்றினேன். தார் ரோடு சுட்டது. விரிப்பின் ஓரத்தில் ஏறி நின்றுகொண்டேன்.

“நாளைக்கு நாலரை மணி. மணல்ல” என்றான். “வரலைன்னா...”

“வரலைன்னா?”

“வரலைன்னா டேப்ப யாருடா நிறுத்துவா?”

*ஒரு சின்ன விலகல்*

பல வருடம் கழித்து புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவை, வெளியே வேலியோரம் நின்று பார்த்தேன். மேடையில் பிள்ளைகள் ஆடி, சட்டென்று உறைந்து, முழங்கையிலிருந்து நடுங்கினார்கள். பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் அது என்ன என்று கேட்டேன்.

“இதுக்குப் பேரு திருச்சி கரண்ட்டுங்க. கரூர், தஞ்சாவூர் எல்லாப் பக்கமும் இப்ப இதுதான். அமெரிக்காவுலேர்ந்து வந்தது.”

நான் மறுக்கவில்லை. பாதி உண்மைதானே.

*மறுநாள் காலை*

பாலத்தில் பேசிய அன்று ராத்திரி படுக்க லாரி ஷெட்டுக்குத்தான் போனேன். ஜங்ஷன் பக்கம் நாலாவது ராத்திரியும் படுக்க விடமாட்டார்கள். விடிகாலையில் நாக்பூர் போகும் லாரியின் டிரைவர், பழைய பழக்கம், என்னைக் காலால் தட்டி எழுப்பினார். “கிளீனர் வரல. ஏறுடா மருதை.”

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. ஏறுவதற்கு இரண்டு படி.

“இல்லைண்ணே. சாயங்காலம் ஒரு வேலை இருக்கு” என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்குப் போனேன். தொட்டியத்திலிருந்து லோடு வந்து நின்றது. பால் வடியும் பச்சைத் தார்கள். எங்கள் ஊர் மண் இன்னும் சில காம்புகளில் ஒட்டியிருந்தது. இறக்க ஆள் குறைவாக இருந்தது.

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “லாரிக்காரப் பயதானே நீ? நீங்கள்லாம் மூணு நாள்ல ஓடிருவீங்க.”

“ஓட மாட்டேன் மேஸ்திரி. ஆனா நாலு மணிக்கு விட்டுரணும்.”

ஒரு வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஏன், பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்காளோ?”

“நாலு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆத்துல.”

அவருக்குப் புரியவில்லை. ஒரு பழைய சாக்கை மடித்து என் தோளில் போட்டார். “முதல்ல இந்த லோடை இறக்கு, பாப்போம்.”

முதல் தாரை வாங்கித் தோளில் வைத்தேன். முன்னால் போனவன் மண்டி வாசலில் வழி விடாமல் நின்றான். நானும் நின்றேன். முழங்காலில் ஒரு நடுக்கம் ஆரம்பித்து, இடுப்பேறி, தோளுக்கு வந்து, அங்கே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் முழங்கையிலிருந்து தொடங்கியது தப்பு. கீழேயிருந்துதான் வர வேண்டும். இதை ரங்குவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்னடா நின்னுட்ட? நட!” என்றார் மேஸ்திரி.

நடந்தேன்.